இணுவில் முதல் தெல்லிப்பழை வரை: தாதியர் சுமந்த துயர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1847இல் வந்து, பின்னாளில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் பெயரும், 1850இல் யாழ்ப்பாண ஆஸ்பத்திரி உருவாகக் காரணமாயிருந்த அரசாங்க அதிபர் டைக்கின் பெயரும் நிலைத்திருக்க, 1898இல் இணுவிலில் திறக்கப்பட்ட மக்லியோட் பெண்கள் மருத்துவமனையிலும் பின்வந்த அரச விடுதிகளிலும் இராக்கடமை பார்த்த தாதியர் பொறுமைக்காகப் புகழப்பட்டார்களேயன்றி, அப்பொறுமையின் விலை கணக்கிடப்படவில்லை.

அவ்விலை மிகக் கூடுவது நோய்த்தணிப்புப் பராமரிப்பில், அதாவது நோயை மாற்ற இயலாத கட்டத்தில் வலியையும் மூச்சுத்திணறலையும் அச்சத்தையும் தணிக்கும் பணியில் ஆகும். இத்துறைக்கு வழிகாட்டிய இலண்டன் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை 1967இல் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் தாதியாகப் பயின்றவர் என்பது தற்செயலன்று. இலண்டன் மருத்துவமனையொன்றை ஆராய்ந்து 1960இல் எழுதிய இசபெல் மென்சிஸ், நோயாளியைப் பெயரால் அன்றிக் கட்டில் எண்ணாலோ நோயாலோ குறிப்பதும் வேலைகளைத் துண்டுதுண்டாகப் பிரிப்பதும் தாதியரைப் பதகளிப்பிலிருந்து காக்கும் அரண்கள் என்றும், அவை பதகளிப்பைத் தீர்ப்பதில்லை என்றும் காட்டினார். குடாநாட்டில் அந்த அரணும் நிலைப்பதில்லை. மாதக்கணக்கில் வந்துபோகும் புற்றுநோயாளி பலவேளை அயலவராகவோ உறவினராகவோ இருப்பார். மேலும், நோயின் பெயரை நோயாளிக்குச் சொல்லவேண்டாமென்று குடும்பத்தினர் கேட்டுக்கொள்ளும் வழக்கத்தால், மருத்துவர் அகன்றபின் கட்டிலருகே நின்று நோயாளியின் கேள்விகளுக்கு மழுப்பும் பொறுப்புத் தாதிக்கே வந்துசேர்கிறது.

உள்நாட்டுப் போர் இச்சுமையை இரட்டிப்பாக்கியது. 1987 ஒக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில் இந்திய அமைதிப்படையினரால் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் கொல்லப்பட்டோரில் மருத்துவர்களும் தாதியரும் அடங்குவர். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். மருந்துகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. குடாநாட்டைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டதால் மேல்சிகிச்சைக்கு மகரகம புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்வதே பெரும்பாடாயிற்று. உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் உளப்பாதிப்பைத் தனியாளுக்குரியதாக மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் உரியதாகவும் காணவேண்டும் என்று எழுதினார். அப்பார்வையில், இழப்புக்கு ஆளான தாதி பிறருடைய இழப்புக்கும் காவலிருந்தார் எனலாம்.

2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் பலர் நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. கட்டடம் எழுப்புவதில் இச்சமூகம் ஒருபோதும் பின்னின்றதில்லை. எனினும் 1974இல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் விவரித்த பணிச்சோர்வு, அதாவது இடையறாது பிறருக்கு உதவுவோரின் அகவலு வற்றிப்போகும் நிலை, கட்டடத்தால் நீங்குவதன்று. அம்மருத்துவமனை அமைந்துள்ள தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவும் இருக்கின்றமையால், புற்றுநோய் விடுதித் தாதியருக்கான உளவளத்துணை அவர்களின் கடமைநேரத்துக்குள்ளேயே ஒழுங்குசெய்யப்பட வேண்டும். அதை அவர்களின் ஓய்வுநாளுக்குத் தள்ளுவது நியாயமன்று.