பரிசலோட தோல் எங்கே போச்சு?

வலங்கைமான்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பாடைக் காவடி, இல்லேன்னா பட்டாசு. எனக்குக் குடமுருட்டி ஆறு. காவிரியோட கிளை. மேட்டூர்ல தண்ணி திறந்தாதான் அதுக்கு உயிர். கோடையில மணல்லயே நடந்து அக்கரைக்குப் போயிடலாம்.

அந்தத் தண்ணி வர்ற வழியிலயே மேல போனா, மேட்டூரையும் தாண்டி ஒகேனக்கல். அங்கே சுத்துற பரிசலைப் பத்திதான் இன்னிக்குப் பேச்சு. குறிப்பா அதோட மேலுறை.

பரிசல்ல ரெண்டே சமாச்சாரம்தான். மூங்கில் பின்னல் ஒண்ணு, அதைச் சுத்தித் தண்ணி புகாத உறை ஒண்ணு. மூங்கில் வளைஞ்சு கொடுத்துத் தப்பிச்சிடும். பாறையில உரசி முதல்ல கிழியறது உறைதான். கிழிஞ்சா மாத்து எதுல போடுறது? பரிசல்காரங்களுக்கு இது காலங்காலமா இருக்கிற தலைவலி.

1520 வாக்குல விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், கூடை மாதிரி வட்டமான படகுகள்ல ஜனங்க ஆத்தைக் கடக்கிறதைப் பார்த்து எழுதியிருக்கார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினஞ்சு இருபது பேர் ஏறலாமாம். நேராப் போகாது, சுத்திக்கிட்டே போகும்னும் சொல்றார். அது மட்டும் இன்னிக்கும் மாறல! 1803-ல மராட்டியப் போருக்குக் கிளம்பின ஆர்தர் வெல்லஸ்லி, பின்னாடி வாட்டர்லூவுல நெப்போலியனை ஜெயிச்ச அதே ஆள், ஆறு கடக்கத் தோல் போர்த்தின கூடைப்படகுகளைத்தான் செய்யச் சொன்னார்.

இதுல ஒரு வேடிக்கை. தோல் வேலை செஞ்சவரைத் தள்ளி வெச்ச ஊர், அவர் பதப்படுத்தின தோல் மேல உட்கார்ந்துதான் அக்கரைக்குப் போச்சு.

தோலுக்குப் பராமரிப்பும் அதிகம். தண்ணியிலயே கிடந்தா அழுகிடும். கரையேத்திக் காய வைக்கணும். போதாததுக்கு, 19-ஆம் நூற்றாண்டுல சென்னை மாகாணத்துத் தோல் லண்டனுக்குக் கப்பல் கப்பலா ஏற்றுமதியாச்சு. அப்படி விலை போற சரக்கைப் பரிசலுக்குப் போர்த்த யாருக்கு மனசு வரும்? இது என் ஊகம்தான்.

கிரேக்க எழுத்தாளர் ஹெரோடோட்டஸ் சொல்ற பாபிலோன் படகுகளைப் பாருங்க. அதுவும் வட்டம், அதுவும் தோல். சரக்கோட ஒரு கழுதையும் படகுலயே வரும். பாபிலோன்ல சரக்கை வித்ததும் மரச்சட்டத்தையும் அங்கேயே வித்துடுவாங்க. தோலை மட்டும் சுருட்டிக் கழுதை மேல ஏத்திக்கிட்டு ஊருக்கு நடை. ஆத்தோட வேகத்துல எதிர்த்துத் துடுப்புப் போட முடியாது. மதிப்பு சட்டத்துக்கு இல்ல, தோலுக்குத்தான்.

ஒகேனக்கல்ல இப்போ கதை தலைகீழ். காசும் உழைப்பும் மூங்கில் பின்னல்ல. மேலே பிளாஸ்டிக் சாக்கு, அதுக்கு மேல தார். ஓட்டை விழுந்தா ஒரு துண்டு சாக்கை வெச்சு, தாரைக் காய்ச்சி ஊத்தினா முடிஞ்சது. ஈராக்ல குஃபாங்கிற வட்டப் படகுக்கும் தார்தான் பூசினாங்க.

சில ஊர்கள்ல ஃபைபர் பரிசலும் வந்தாச்சு. கிழியாது, அழுகாது. ஆனா பாறையில மோதினா மூங்கில் மாதிரி வளையாது. விரிசல் விட்டா ரெசினும் கண்ணாடி இழையும் தேடணும், பரிசல்காரர் கரையில உட்கார்ந்து தானே ஒட்டுற வேலையில்ல அது. என் ஓட்டு இன்னும் தாருக்குத்தான்.

அடுத்த தடவை ஒகேனக்கல் போனா, லைஃப் ஜாக்கெட் மாட்டினதும் கரையில கவிழ்த்து வெச்சிருக்கிற பரிசலோட அடிப்பக்கத்தை ஒரு பார்வை பாருங்க. ஒட்டு மேல ஒட்டா, எத்தனை பாறையில உரசியிருக்குன்னு அதுலயே தெரியும்.