நான்கு மணி நேரமும் ஒரு வாரமும்

சென்னைக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். விமானம் நான்கு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

நம் முன்னோர் பலரைச் சுமந்து வந்த ‘ரஜூலா’ கப்பல் 1926இல் கட்டப்பட்டது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினம், பினாங்கு ஆகிய துறைகளைத் தொட்டுச் சிங்கப்பூரை அடைய அதற்கு ஏறத்தாழ ஒரு வாரமாயிற்று. 1973இல் அக்கப்பல் ஓய்வு பெற்றது. அதன்பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலின் பயணிகள் சேவையும் 1985ஆம் ஆண்டுத் தீ விபத்தோடு நின்றுபோயிற்று.

தாயின் மறைவைத் தந்தி அறிவித்தாலும், கப்பலேறிச் சென்ற மகனால் அவள் முகத்தைக் காண இயலாது. அவன் கரையிறங்குமுன் ஈமக்கடன் முடிந்திருக்கும்.

வரலாற்றுப் பாடத்தில் இவ்விரு பயணக் கணக்குகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதுவது என் வழக்கம். பெற்றோர்களே, பூட்டன் ஏன் ஊர் திரும்பவில்லை எனப் பிள்ளைகள் வினவினால், இந்த நாள்கணக்கையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.