பங்காளியும் சம்பந்தியும்: மாமல்லபுரக் கரையில் புயலுக்குப் பின்

செங்கற்பட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பாகிய கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான மீனவர் குப்பங்களும், அவற்றுக்கு மேற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியுள்ள பொத்தேரி, கூடுவாஞ்சேரி போன்ற ஏரிக்கரை ஊர்களும் ஒரே புயலை இரு வேறு வடிவங்களில் எதிர்கொள்கின்றன. கரையில் அது காற்றாகவும் கடலேற்றமாகவும் வந்து படகையும் வலையையும் பறிக்க, உள்நாட்டில் மழையாகவும் ஏரிகளின் உபரி நீராகவும் வந்து வீட்டுக்குள் புகுகிறது. 2012 அக்டோபர் 31 மாலை நீலம் புயலும், 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயலும் மாமல்லபுரத்தின் அருகிலேயே கரையைக் கடந்தன. இடையில், 2016 டிசம்பர் 12 அன்று சென்னையை ஒட்டிக் கடந்த வர்தா, இம்மாவட்டத்தின் மரங்களையும் மின்கம்பங்களையும் பெருமளவில் சாய்த்தது. இப்புயல்களின் வேகமும் மழையளவும் ஆவணங்களில் விரிவாகவே பதிவாகியுள்ளன. அவற்றைத் தாங்கி மீண்ட உறவுமுறை அமைப்பு பற்றிய பதிவுகளோ மிகக் குறைவு.

சோழமண்டலக் கரையின் பெரும்பான்மை மீனவரான பட்டினவரிடையே குடும்பம் என்பது ஒரு கூரையின் கீழ் வாழ்வோரோடு முடிவதில்லை. தந்தை வழியில் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த ஆண்களும் அவர்தம் வீட்டாரும் பங்காளிகள் எனப்படுவர்; பெண் கொடுத்தும் எடுத்தும் உறவானோர் மாமன் மச்சான் அல்லது சம்பந்தி முறையினர் ஆவர். இவ்விரு வட்டங்களும் பேரிடரில் வெவ்வேறு பணிகளைச் செய்கின்றன என்பதே கவனிக்கத்தக்கது: பங்காளி உடனிருந்து கை கொடுப்பவர், சம்பந்தியோ தொலைவிலிருந்து தாங்குபவர்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு, அதாவது அபாயத்தின் அளவை 1 முதல் 11 வரையான எண்களால் உணர்த்தும் அடையாளக் குறி, உயரத் தொடங்கியதும் தொழிலுக்குப் போவது நிற்கிறது. இன்ஜின் கழற்றப்பட்டு வீட்டுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. வலைகள் சுருட்டப்பட்டு, ஊருக்குப் பொதுவான வலை பின்னும் கூடத்திலோ மாடி வீடுள்ள பங்காளியின் திண்ணையிலோ சேர்க்கப்படுகின்றன. ஃபைபர் படகை மணலில் மேட்டுக்கு ஏற்றுவது ஒரு வீட்டு ஆண்களால் மட்டும் ஆகக்கூடிய வேலையன்று. டிராக்டர் கிடைக்காத இடங்களில் அண்ணன் தம்பி, சித்தப்பன் பெரியப்பன் மக்கள் என இருபுறமும் தோள் கொடுத்து, ஒரு படகு ஏறிய பின்னர் அடுத்ததற்குச் செல்வர். பழைய கட்டுமரத்தைக் கரையில் அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே உலரவைப்பது வழக்கமாக இருந்தது. அலை அவற்றைச் சிதறடித்தாலும் மீட்டவற்றை மறுபடி கட்டிக்கொள்ள இயன்றது. ஃபைபர் படகும் இன்ஜினும் வந்த பின்னர் வருவாய் கூடியதைப் போலவே, ஒரே இரவில் இழக்கக்கூடிய முதலும் பன்மடங்கு கூடிவிட்டது.

படகு உடைந்தவர் அடுத்த நாளே வருவாயற்றவராகிவிடுவதில்லை. பிடிபட்ட மீனின் விலையில் எரிபொருள் செலவு போக எஞ்சுவதைப் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் எனப் பங்கிடும் முறை இக்கரையில் உள்ளதால், தன் படகை இழந்தவர் பங்காளியின் படகில் ஆள்பங்குக்குச் சென்று அடுப்பை எரிய வைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் புதிய வலைக்கும் இன்ஜின் பழுதுக்கும் பெருந்தொகை வேண்டும். அங்கேதான் பெண்களின் பங்கு தொடங்குகிறது. மனைவியின் நகையும் மைத்துனியின் நகையும் அடகுக்குச் செல்கின்றன, சீட்டு முன்கூட்டியே எடுக்கப்படுகிறது, மனைவியின் தாய்வீட்டிலிருந்து அரிசியும் பணமும் வருகின்றன.

இத்தாய்வீடு எங்கே இருக்கிறது என்பது தற்செயலான செய்தியன்று. கடுங்காற்று பெரும்பாலும் புயல் மையத்தை ஒட்டிய குறுகிய பரப்பிலேயே வீசுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர்ப் பகுதியைச் சிதைத்த தானே புயலும், பத்து மாதங்களுக்குப் பின் மாமல்லபுரத்தருகே கடந்த நீலமும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் இடைவெளியில் கரையேறியவை. ஆகவே கரை நெடுகப் பெண் கொடுத்து எடுத்த குடும்பத்துக்கு, ஓர் ஊர் விழுந்த ஆண்டில் மற்றோர் ஊர் நின்றிருக்கும் வாய்ப்பு மிகுதி. பொருளியல் அறிஞர்களான மார்க் ரோசன்ஸ்வீக்கும் ஓடெட் ஸ்டார்க்கும் 1989இல் வெளியிட்ட ஆய்வு, மகள்களைத் தொலைவிலுள்ள ஊர்களில் மணமுடித்துக் கொடுப்பது மழை பொய்க்கும் இடரைப் பகிர்ந்துகொள்ளும் வழியாகவும் அமைகிறது என்று தக்காணத்து மானாவாரி உழவர்களைக் கொண்டு நிறுவியது. கடலோரத்துக்கும் அவ்வாதம் பொருந்துகிறது எனக் கொள்வதில் தவறில்லை.

2004 டிசம்பர் 26 அன்று இக்காப்பு முழுமையாக முறிந்தது. ஆழிப்பேரலை கரை முழுவதையும் ஒரே காலையில் தாக்கியதால் பங்காளியும் சம்பந்தியும் சேர்ந்தே இழந்தனர். தமிழகத்தில் உயிரிழந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். உறவு தர இயலாததை வெளியிலிருந்து வந்த நிவாரணமே தந்தது. பல குப்பங்களில் அதைப் பங்கிட்டது ஊர்ப் பஞ்சாயத்து. அதற்கு அடிப்படையாக அமைந்தது வரி, அதாவது மணமான ஒவ்வோர் ஆணும் ஊருக்குச் செலுத்தும் கட்டணம். வரிக்காரர் அனைவருக்கும் சமமாகப் பிரித்த அம்முறை சண்டை சச்சரவைத் தவிர்த்தது உண்மை. ஆனால் வரிப் பட்டியலில் பெயரில்லாத கைம்பெண்கள் பல ஊர்களில் விடுபட்டனர் அல்லது குறைந்த பங்கே பெற்றனர். கணவனையோ மகனையோ அலைக்குக் கொடுத்தவள் அதே காரணத்தால் பங்கையும் இழந்தது அப்பழைய முறையின் மன்னிக்க முடியாத குறை.

2005 மார்ச் இறுதியில் வெளியான தமிழக அரசின் 172ஆம் எண் அரசாணை, ஆழிப்பேரலையில் வீடிழந்தோருக்கான புதிய வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்ய வகை செய்தது. இக்கரையின் சொத்துரிமை வரலாற்றில் இது பெரிய மாற்றம். எனினும் 300 முதல் 325 சதுர அடி என அளவிடப்பட்ட அவ்வீடுகள் தம்பதியரையும் சிறு பிள்ளைகளையும் மனத்தில் கொண்டவை. இருபதாண்டுகளில் அப்பிள்ளைகள் மணமுடித்து வளர்ந்துவிட, மூன்று தலைமுறையினர் நெருக்கியடித்து வாழும் இடங்களாக அவை மாறியுள்ளன.

குடும்பத்தை அரசின் கணக்கு குறுக்கிக் காணும் இதே சிக்கல் உள்நாட்டிலும் வேறு உருவில் உண்டு. 2015 டிசம்பர் 1 பெருமழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானபோது, ஆதனூர்ப் பகுதியில் தொடங்கும் அடையாறு பெருகி முடிச்சூர் வட்டாரத்தை மூழ்கடித்தது. அத்தகைய நாள்களில் தாழ்நிலத்துக் குடும்பங்கள் முதலில் தேடுவது அரசு முகாமையன்று, மேட்டில் மாடி வீடு கட்டிய அத்தையையோ மாமனையோதான்; அங்கே ஒரு வீட்டு அரிசியில் நான்கு வீட்டார் உண்பர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னைக்கும் வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் வட்டங்களுக்கும் நியாயவிலைக் கடைகள் வழியே வழங்கப்பட்ட நிவாரணம் குடும்ப அட்டை ஒன்றுக்கு 6,000 ரூபாய். ஒரே கூரையின் கீழ் இரண்டு அட்டை வைத்திருந்த அண்ணன் தம்பிக்கு அது இரட்டையாகவும், பாட்டி முதல் பேரன் வரை ஒரே அட்டையில் இருந்த வீட்டுக்கு ஒற்றையாகவும் அமைந்தது. நான்கு வீட்டாருக்குச் சோறிட்ட அத்தையின் செலவுக்கு அக்கணக்கில் இடமில்லை.