இரண்டாவது இடம் எங்கே?

ஒரு முகவரியைத் தேடித்தான் பழைய ஆய்விதழ்த் தொகுதிகளைப் புரட்டத் தொடங்கினேன்.

இங்கிலாந்தின் சசெக்ஸில் பில்ட்டவுன் என்ற ஊரின் சரளைக் குழியில் கிடைத்ததாக, மண்டையோட்டுத் துண்டுகளும் பாதித் தாடையும், ஒரே ஆதிமனிதனுடையவை என்று, 1912 டிசம்பர் 18 அன்று லண்டன் புவியியல் கழகத்தின் முன் வைக்கப்பட்டன. கொண்டுவந்த சார்லஸ் டாசன் தொழிலால் வழக்கறிஞர். புதைபடிவம் தேடுவது அவருடைய பொழுதுபோக்கு. கூட நின்றவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆர்தர் ஸ்மித் உட்வர்ட். மண்டை மனிதனுடையது, தாடை வாலில்லாக் குரங்கினுடையது என்று உடற்கூற்றியல் அறிஞர் டேவிட் வாட்டர்ஸ்டன் 1913-லேயே எழுதிவிட்டார். அந்தத் தயக்கத்தைப் பலரிடம் போக்கியது இன்னொரு கண்டுபிடிப்பு. வேறொரு இடத்திலும் அதே போன்ற மண்டைத் துண்டும் பல்லும் கிடைத்தன என்றார் டாசன். தற்செயல் இருமுறை நேருமா?

டாசன் 1916-ல் இறந்தார். அந்த இரண்டாவது இடத்தைப் பற்றி உட்வர்ட் 1917-ல் வெளியிட்ட கட்டுரையை வரிவரியாகப் படித்தேன். பில்ட்டவுன் குழியிலிருந்து சுமார் இரண்டு மைல் தள்ளி ஒரு பெரிய வயல். அவ்வளவுதான். வயலுக்குப் பெயரில்லை. எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதும் இல்லை.

1953-ல் மானிடவியலாளர் ஜோசப் வெய்னரை உறுத்தியதும் இதே வெற்றிடம்தான். அவர் பற்களைப் பார்த்தார். அரத்தால் ராவித் தேய்த்த தடம் இருந்தது. எலும்புகளுக்குப் பழமை நிறம் ஏற்றியிருந்தார்கள். அந்த நவம்பரில் மோசடி அறிவிக்கப்பட்டது. 2016-ல் வெளியான ஆய்வு, இரண்டு இடத்துப் பற்களும் பெரும்பாலும் ஒரே ஒராங்குட்டானுடையவை என்றது.

பொழுதுபோக்கு ஆய்வாளர் என்பதால் டாசன் ஏமாற்றினார் என்று முடிவுகட்டுவது அநியாயம். அதே ஏடுகளில் ஆல்வன் மார்ஸ்டன் என்ற பல் மருத்துவர் வருகிறார். அவரும் தொழில்முறை அறிஞர் அல்லர். பில்ட்டவுன் தாடை குரங்கினுடையதே என்று, பெரிய அறிஞர்களை எதிர்த்து, விடாமல் வாதாடியவர். 1935-லும் 1936-லும் கென்ட்டின் சுவான்ஸ்கோம்ப் சரளைக் குழியில் மிகப் பழைய மனித மண்டையோட்டின் இரு துண்டுகளை எடுத்தார். இடத்தை மறைக்கவில்லை. நிபுணர் குழு ஒன்று அங்கே போய் மண்ணடுக்கையே ஆராய்ந்தது.

1955-ல் ஜான் வைமர் அதே குழியில் மூன்றாவது துண்டைக் கண்டெடுத்தார். மார்ஸ்டனின் இரண்டு துண்டுகளோடும் அது பொருந்தியது.