சிறப்புப் பிள்ளைகளும் பள்ளிச் சேர்க்கையும்: சட்டம் கடந்து வந்த பாதை

ஆறு வயதாகியும் பேச்சு சரிவர வராத பிள்ளையைப் பள்ளியில் பதியப் போகும் பெற்றோருக்கு எழும் முதல் கேள்வி, "இவனை எடுத்துக்கொள்வார்களா?" என்பதுதான். ஒரு தலைமுறைக்கு முன்பு, பல பிள்ளைகளுக்கு "முடியாது" என்ற பதிலைச் சட்ட விதிகளே தந்தன. இன்று விதிகள் மாறிவிட்டன. ஆயினும் அந்த மாற்றம் தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள பெற்றோர் பலரின் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

தொண்டாகத் தொடங்கிய கல்வி

மலாயாவில் உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கான கல்வியை முதலில் தொடங்கியது அரசாங்கம் அன்று. 1926இல் மலாக்காவில் ஆங்கிலிக்கன் திருச்சபையினர் பார்வையற்றோருக்காக செயிண்ட் நிக்கலஸ் இல்லத்தைத் தொடங்கினர். அது பின்னர் பினாங்குக்கு மாறியது. 1948இல் ஜொகூர் பாருவில் பார்வையற்றோருக்கான பிரின்சஸ் எலிசபெத் பள்ளியும், 1954இல் பினாங்கில் செவித்திறன் குறைந்தோருக்கான கூட்டரசுப் பள்ளியும் தோன்றின.

இவையெல்லாம் கண், காது சார்ந்த குறைகளுக்கானவை. டவுன் சின்ட்ரோம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு நெடுங்காலம் தொண்டு அமைப்புகளே துணை. சாதாரணப் பள்ளிகளில் அவர்களுக்கென வகுப்புகள் 1980களின் இறுதியில்தான் தொடங்கின. அந்த வாய்ப்பும் எட்டாத தோட்டங்களில் இத்தகைய பிள்ளைகள் பலர் வீட்டோடும் ஆயாக் கொட்டகையோடும் நின்றுபோயினர்.

1996 சட்டமும் 1997 விதியும்

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 1996 கல்விச் சட்டம், சிறப்புக் கல்விக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. சிறப்புப் பள்ளிகளிலோ, தாம் உகந்ததெனக் கருதும் சாதாரணப் பள்ளிகளிலோ கல்வி அமைச்சர் சிறப்புக் கல்வி வழங்க வேண்டும் என்று அதன் 40ஆவது பிரிவு கூறியது.

ஆனால் யார் சேரலாம் என்பதை 1997இல் வந்த விதிமுறைகளே தீர்மானித்தன. பிறர் உதவியின்றித் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளையே "கல்வி கற்கத் தக்க" பிள்ளை என்று அவை வரையறுத்தன. மருத்துவர், கல்வி அமைச்சின் அதிகாரி, சமூக நல அதிகாரி ஆகியோரைக் கொண்ட குழு அதை உறுதிப்படுத்த வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கும் தகுதி இல்லை.

அறிவுத்திறன் சீராக இருந்து உடற்குறை மட்டும் உள்ள பிள்ளைகளுக்கும் சிறப்புக் கல்வி இல்லை. அவர்கள் மற்ற பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளியில் படிக்கலாம் என்பதே அதன் கருத்து. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை மாடியில் இருக்கும் வகுப்புக்கு எப்படி ஏறும் என்பதற்கு அந்த விதிகளில் விடை இல்லை.

2003ஆம் ஆண்டு ஆறாண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயமானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்றானது. ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லும் சட்டம், மறுபக்கம் பல பிள்ளைகளைத் தகுதியற்றவர்கள் என விலக்கும் விதி. இந்த முரண்பாடு பத்தாண்டு நீடித்தது.

2008க்குப் பிறகு

2008இல் நடப்புக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் பொதுக் கல்வி முறையிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது. 2010இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் தொடர்பான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா, சில பிரிவுகளுக்கு விலக்கு வைத்து ஏற்றுக்கொண்டது.

2013இல் சிறப்புக் கல்வி விதிமுறைகள் புதிதாக எழுதப்பட்டன. பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களோடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களும் இப்போது இதில் அடங்குவர். சிறப்புப் பள்ளி, சாதாரணப் பள்ளியில் தனி வகுப்பாக நடக்கும் ஒருங்கிணைப்புத் திட்டம், மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமரும் உள்ளடக்கக் கல்வி என மூன்று வழிகள் உள்ளன. புதிதாகச் சேரும் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத பயிற்சிக் காலம் உண்டு.

சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் 75 விழுக்காட்டினரை 2025க்குள் உள்ளடக்கக் கல்வியில் சேர்ப்பது 2013 - 2025 கல்விப் பெருந்திட்டத்தின் இலக்கு. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019 முதல் செயல்படுத்தியது. அதே ஆண்டில் சிங்கப்பூரும், அதுவரை கட்டாயக் கல்விச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டிருந்த சிறப்புத் தேவைப் பிள்ளைகளை அதன்கீழ்க் கொண்டுவந்தது.

எஞ்சியிருக்கும் இடைவெளி

2008ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையைச் சொல்கிறது. மீறினால் தண்டனை என்ன என்று சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு செய்தவற்றுக்காகவோ செய்யத் தவறியவற்றுக்காகவோ அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி அதன் 41ஆவது பிரிவு காக்கிறது. பாகுபாட்டைத் தடுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 8(2)ஆவது விதியில் சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவை உள்ளன. உடற்குறையோ அறிவுத்திறன் குறைபாடோ அதில் இல்லை.

தமிழ்ப் பெற்றோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சில தமிழ்ப்பள்ளிகளில் ஒருங்கிணைப்பு வகுப்பு நடக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. அருகில் இல்லாதபோது பிள்ளை தேசியப் பள்ளிக்கே போக வேண்டும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்து, பேசவே சிரமப்படும் பிள்ளை, வகுப்பில் மலாய்மொழியையும் புதிதாகப் பழக வேண்டியுள்ளது. தோட்டத்திலிருந்து தினமும் கொண்டுவிட்டு அழைத்துவர ஒருவர் வேலையை விட வேண்டிய நிலையும் வருகிறது.

பெற்றோர் செய்யக்கூடியவை

பிள்ளையின் பேச்சிலோ நடையிலோ கவனத்திலோ சந்தேகம் எழுந்தால், பள்ளி வயது வரும்வரை காத்திராமல் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்டுவது நல்லது. "போகப்போகச் சரியாகிவிடும்" என்று உறவினர் சொல்வதை நம்பி இருந்துவிட்டால், பயிற்சிக்கு ஏற்ற முதல் ஆண்டுகள் கைநழுவிப் போகும்.

மருத்துவர் உறுதிப்படுத்திய பின், சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதியலாம். இந்தப் பதிவு கட்டாயமன்று. எனினும் உதவிகளைப் பெற இந்த அட்டை துணை நிற்கும். பள்ளிகளில் சிறப்புக் கல்வித் திட்டத்தில் பயிலும் மாணவர்களுக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு.

அருகில் எந்தப் பள்ளியில் வகுப்பு உள்ளது என்பதை மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்டறியலாம். பள்ளி ஒன்று பிள்ளையை ஏற்க மறுத்தால், வாய்ப்பேச்சோடு திரும்பிவிட வேண்டாம். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, அதனுடன் மாவட்டக் கல்வி இலாகாவுக்குச் செல்லலாம். 1997இல் அந்த மறுப்புக்கு விதியின் துணை இருந்தது. இன்று விதி பிள்ளையின் பக்கம் இருக்கிறது.