சிறுவாய் மீனும் ஈத்தூண்டிலும்

வட அமெரிக்காவின் நன்னீர் மீன்களுள் 'சிறுவாய்ப் பாஸ்' என வழங்கும் மீன் தனிச்சிறப்புடையது. பேரேரிகள், ஒகையோ, டென்னசி, மேல் மிசிசிப்பி ஆகியவற்றைச் சார்ந்த நீர்நிலைகளே அதன் தாயகம். கூழாங்கற்களின்மீது தெளிந்தோடும் சிற்றாறுகளை அது பெரிதும் விரும்பும். 1802ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கையியல் அறிஞர் லாசெப்பேத் அதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். அவர் கைக்கு எட்டிய மீனின் முதுகுத் துடுப்பு சிதைந்திருந்தது. அச்சிதைவால் தனித்து நின்ற சிறு துண்டை இயற்கையான உறுப்பென்றே அவர் கருதினார். 'சிறு துடுப்பு' என்னும் பொருள்பட 'மைக்ரோப்டெரஸ்' என்று பெயரிட்டார். பிழையிற் பிறந்த அப்பெயர் இன்றளவும் நிலைத்துவிட்டது.

அப்பலாச்சிய மலைத்தொடரின் கிழக்கே, அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி ஓடும் பொடோமாக் ஆற்றில் தொடக்கத்தில் இம்மீன் இல்லை. மலையை மீனால் கடக்க இயலாது. ஆனால், இருப்புப்பாதை கடந்தது. பால்டிமோர் ஒகையோ இருப்புப்பாதை ஒகையோ ஆற்றங்கரையிலுள்ள வீலிங் நகரை எட்டிய சின்னாட்களில், 1854ஆம் ஆண்டில், அந்நகரைச் சேர்ந்த சிரைவர் என்பார் ஒரு புதுமை செய்தார். வீலிங் சிற்றாற்றில் பிடித்த சில பாஸ் மீன்களைத் துளையிட்ட தகர வாளியில் இட்டு, அவ்வாளியை நீராவி வண்டியின் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டு, மலைக்கு அப்பாலுள்ள கம்பர்லாந்து நகருக்குக் கொண்டுசென்றார். அங்குள்ள கால்வாய்த் துறையில் அவை விடப்பட்டன. கால்வாய் வழியே ஆற்றை அடைந்த மீன்கள் பல்கிப் பெருகின. சில பத்தாண்டுகளில் பொடோமாக்கிலும் அதன் கிளையாறுகளிலும் அவை இல்லாத இடம் அரிதாயிற்று. இத்தகைய குடியேற்றம் அக்காலத்தில் நற்பணியாகவே போற்றப்பட்டது. பிற்காலத்தில் மேற்கே கொலம்பியா ஆற்றுப் படுகையில் இதே மீன் சால்மன் குஞ்சுகளை இரையாக்கத் தொடங்கிய பின்னரே, அப்பணியின் மறுபக்கம் பலருக்கும் புலனாயிற்று.

இனி, ஈத்தூண்டில் என்னும் கலையைக் காண்போம். மாசிடோனிய மக்கள் தூண்டில் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் இறகைக் கட்டி மீன் பிடித்த செய்தியை, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே ஈலியன் என்னும் எழுத்தாளர் குறித்துள்ளார். பிற தூண்டில் முறைகளில் இரையின் எடையோ ஈயக்குண்டோ நூலை இழுத்துச் செல்லும். இதிலோ, இறகாலும் மயிராலும் கட்டிய பொய் ஈக்கு எடையே இல்லை எனலாம். ஆகவே, நூலைக் கனமாக்கி, அந்நூலையே எறிதல் வேண்டும். கோலைப் பின்னே வீசி, நூல் முதுகுப்புறம் முழுவதும் நீளும்வரை பொறுத்து, பின்னர் முன்னே வீசுவதே இதன் உயிர்நாடி. கற்பவர் பெரும்பாலும் இடறுவது அந்தப் பொறுத்தலில்தான். கைவலிமையை நம்புவோர்க்கு இக்கலை எளிதில் வாய்ப்பதில்லை.

பொய் ஈ கட்டுவோர் உலகெங்கிலுமிருந்து இறகுகளைத் தேடினர். தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் பளபளக்கும் கழுத்திறகுகளும் அவ்வாறு மேலைநாடு சென்றன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவைக்கு அரணாயிற்று.

ஈத்தூண்டிலார் நெடுங்காலம் டிரவுட் மீனையே உயர்வாக மதித்தனர்; பாஸ் அவர்கள் கண்ணில் இரண்டாந்தர மீனே. அவ்வெண்ணத்தை மாற்றப் பாடுபட்டவர் மருத்துவர் ஜேம்ஸ் ஹென்ஷால். 1881இல் அவர் வெளியிட்ட நூல் முழுக்க முழுக்கப் பாஸ் மீனைப் பற்றியதே. போராடும் ஆற்றலில் அதற்கு நிகரில்லை என்பது அவர் துணிபு.

ஆயினும், நூல் எழுதியவரினும் ஆற்றில் இறங்கிக் கற்றவர் ஒருவர் வரலாறே இங்கு விரிவாக நோக்கத்தக்கது. மேரிலாந்து மாநிலத்துப் பிரெடரிக் நகரில் 1925இல் பிறந்தவர் பெர்னார்ட் கிரே. இடக்கைப் பழக்கத்தால் 'லெஃப்டி' என அழைக்கப்பட்டார். இளமையிலேயே தந்தையை இழந்து, வறுமையில் வளர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் போரிட்டுத் திரும்பினார். ஊர் ஆறுகளில் பாஸ் பிடிப்பதில் அவர் வல்லவர். ஆனால் அறிந்தது இரைத்தூண்டில் ஒன்றே.

1947ஆம் ஆண்டில் ஜோ புரூக்ஸ் என்னும் எழுத்தாளர் அவரோடு பொடோமாக்கில் மீன்பிடிக்கச் சென்றார். ஆற்றைக் கடந்து பறந்த எறும்புகள் நீரில் வீழ, அவற்றை உண்ண மீன்கள் மேலெழுந்து நீரில் வளையங்களைத் தோற்றுவித்தன. புரூக்ஸ் ஈத்தூண்டிலை எடுத்து வளையங்களின் நடுவே பொய் ஈயை இட்டார். மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. கண்டு வியந்த கிரே தாமதிக்கவில்லை. விரைவிலேயே பால்டிமோர் சென்று கோலும் நூலும் வாங்கி, புரூக்ஸிடமே முதற்பாடம் கேட்டார்.

அக்காலத்து முறை, கடிகார முகத்தில் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட அளவிலேயே கோலை அசைக்க வேண்டும் என்றது. சிறிய ஈக்கும் சிற்றோடைக்கும் அது போதும். பாஸ் மீனுக்குரிய பொய் இரையோ பருத்தது, காற்றை எதிர்ப்பது. கிரே கோலை நெடுந்தொலைவு பின்னே கொண்டுசென்று, உடலையும் உடன் திருப்பி வீசிப் பார்த்தார். நூல் இலகுவாகச் சென்றது. ஆசிரியர் சொன்னதை ஆற்றின் துணையால் திருத்திய அம்முறையை 1965இல் இதழ் ஒன்றில் எழுதினார். எதிர்ப்பு எழுந்தது, எனினும் பின்னாளில் அம்முறை உலகெங்கும் பரவிற்று. 2018இல் தம் 93ஆம் வயதில் மறையும்வரை அவர் கற்பிப்பதை நிறுத்தவில்லை.

கிரேயின் நண்பர் பாப் கிளவுசர் சஸ்குவஹானா ஆற்றுப் பாஸ் மீனுக்காக, ஈயக் கண்கள் பொருத்தி ஆழத்தில் நீந்தும் பொய் மீனை 1980களில் அமைத்தார். அதற்குப் பெயர் சூட்டியவர் கிரே. ஆனால் 2005இல் அதே ஆற்றில் பாஸ் குஞ்சுகள் உடலெங்கும் புண்பட்டு மடியலாயின. அதற்கு முன்னரே, 2003இல், பொடோமாக்கின் தென்கிளையில் பிடிபட்ட ஆண் மீன்களின் விரைகளில் முட்டைகள் காணப்பட்டன. வயல்களிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் கலக்கும் வேதிப்பொருள்கள் மீனின் சுரப்பிகளைக் குலைப்பதை ஆய்வாளர் காரணமாகச் சுட்டினர். சஸ்குவஹானாவின் சில பகுதிகளில், பிடித்த பாஸ் மீனை உடனே நீரில் விட்டுவிட வேண்டும் என்று பென்சில்வேனிய மாநிலம் விதி செய்தது.