திரும்பி வந்தவனும் நல்ல நாத்துதான்

பூந்தமல்லின்னா சென்னை நண்பர்களுக்கு டிராபிக்கும் மெட்ரோ தூணும் ஞாபகம் வரும். எங்களை மாதிரி கோயில் குடும்பங்களுக்குக் குருமடமும் ஞாபகம் வரும். கத்தோலிக்கச் சாமியாருக்குப் படிக்கிற இடம்.

1935இல் ஷில்லாங்கிலிருந்து சென்னைக்குப் பேராயராக வந்தார் லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகை. பிரெஞ்சுக்காரர், சலேசிய சபையைச் சேர்ந்தவர். அடுத்த வருஷமே, 1936இல், பூந்தமல்லியில் திரு இருதயக் குருமடத்தைத் தொடங்கினார்.

குருமடத்தை 'செமினரி' என்கிறோம். அதன் லத்தீன் மூலச் சொல்லுக்கு நாற்றங்கால் என்று அர்த்தம். இது தெரிந்தபோது விவசாயியான எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு மறைமாவட்டமும் இப்படி ஒரு நாற்றங்கால் வைக்கணும் என்று 1563இல் திரிதெந்து சங்கம் சட்டம் போட்டது. அதற்கு முன்னால் எல்லாருக்கும் பொதுவான ஒழுங்கான பயிற்சி கிடையாது.

1986இல் பத்தாவது முடித்ததும் நானும் என் கூட்டாளியும் பங்குச் சாமியார்கிட்ட போய் நின்றோம். "ஏன்டா சாமியாராகணும்?" என்று கேட்டார். கூட்டாளி, "ஜனங்களுக்கு ஏதாவது செய்யணும் சாமி" என்றான். எனக்கு வாயே வரல. என்னை மட்டும், "ஒரு வருஷம் அப்பாகூட வயலுக்குப் போ, பொங்கல் கழிச்சு வா" என்று அனுப்பிட்டார்.

அந்த நவரையில் நாத்து பிடுங்கும்போதுதான் எனக்குப் புரிஞ்சது. எனக்கு வேண்டியிருந்தது வெள்ளை அங்கி, ஊர் மரியாதை, கடன்காரன் வராத வீடு. பொங்கல் கழிந்தும் நான் போகல.

கூட்டாளி போனான். மெய்யியல் முடித்துவிட்டுத் திரும்பி வந்துட்டான். "சாமியாருக்குப் போயி ஓடியாந்துட்டான்" என்றது ஊர். அவன் அம்மா பல மாசம் பூசைக்குக் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார்.

ஊர் பேசினது தப்பு. திருச்சபைச் சட்டத்தைப் பாருங்கள். மெய்யியலும் இறையியலும் சேர்த்துக் குறைந்தது 6 வருஷம் படிக்கணும். 25 வயசு நிறையாமல் குருப்பட்டம் கிடையாது. யாரையும் வற்புறுத்திப் பட்டம் கொடுக்கக் கூடாது. தடை ஏதும் தெரிந்தால் ஜனங்களும் ஒளிக்காமல் சொல்லணும். இத்தனை வருஷம் எதுக்கு? அழைப்பு நிஜமா என்று பையனும் பார்க்கணும், திருச்சபையும் பார்க்கணும். இல்லை என்று தெரிந்து வீட்டுக்கு வர்றதும் அந்தப் படிப்போட ஒரு பதில்தான்.

நாற்றங்காலில் மிஞ்சின நாத்தை நாங்கள் தூக்கி எறிய மாட்டோம். பக்கத்து வயலுக்குக் கொடுப்போம், அங்கேயும் அது கதிர் விடும். கூட்டாளி வாத்தியாரானான். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவனிடம் கணக்குப் படித்தவர்கள்.

போன மாசம் அவன் பையன் என் களத்துக்கு வந்தான். "மாமா, நான் சாமியாருக்குப் போகலாம்னு இருக்கேன். அப்பாகிட்ட சொல்லப் பயமா இருக்கு" என்றான்.

"ஏன் போகணும்னு உனக்குத் தெரியுமாடா?"

"முழுசா தெரியல மாமா."

"தெரிஞ்சுக்கத்தான் அத்தனை வருஷம். மொதல்ல உங்க அப்பாகிட்ட சொல்லு. போற வழியும் அவனுக்குத் தெரியும், திரும்பி வர்ற வழியும் தெரியும்."

அன்னைக்கு ராத்திரி கூட்டாளி போன் பண்ணினான். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "நானே கூட்டிட்டுப் போறேன்டா" என்றான்.